பாய்லருக்குள் போக இருந்த கெண்டை

பள்ளிபாளையத்துக்கு வடக்கே, மேட்டூர்க் கால்வாயின் கரையில், காவிரிக்கரை விசைத்தறியாளர் கூட்டுறவு சைசிங் ஆலை என்று ஒன்று இருந்தது. பெயர்ப்பலகை ஆலையைவிட நீளம். கடைசி இரண்டு எழுத்துகளைச் சுற்றுச்சுவருக்கு வெளியே ஒரு வேப்பமரத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள்.

சுற்றுவட்டாரத்தில் தறி வைத்திருப்பவர்கள் தங்கள் பாவு நூலை இங்கே கொண்டுவந்து போடுவார்கள். ஆலையில் அதற்குக் கஞ்சி ஏற்றி, நீராவியால் சூடான உருளைகளின் மேல் ஓட்டிக் காயவைத்துத் திருப்பித் தருவார்கள். கஞ்சி ஏறாத பாவைத் தறியில் பூட்டினால் நொடிக்கொரு தரம் இழை அறும். தறிக்காரன் வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வரும். ஆக, ஊரின் நல்லொழுக்கம் நீராவியை நம்பியிருந்தது. நீராவி பாய்லரை நம்பியிருந்தது. பாய்லர் சென்றாயனை நம்பியிருந்தது.

சென்றாயன் பாய்லருக்கு விறகு போடுகிறவன். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை அடிக்கடி பார்ப்பான், வேளை தவறாமல் சங்கு ஊதுவான். தண்ணீர் குறைந்தால் பாய்லர் வெடித்துவிடும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோ சொல்லி வைத்தார்கள். அதிலிருந்து அவன் அதற்கு முதுகைக் காட்டி நின்றதில்லை. பீடி பிடிக்கக்கூட அதனிடம் சொல்லிக்கொண்டுதான் போவான்.

கால்வாய்த் தண்ணீர் பாய்லருக்குப் போகும் வழியில், பம்புக்கு முன்னால், ஒரு இரும்புக் குடுவை உண்டு. அதற்குள் பித்தளை வலையில் செய்த கூடை. பாசி, இலை, முள், கால்வாயின் மேல்பக்கம் எவனோ குளித்துவிட்டுத் தவறவிட்ட சோப்புத் துண்டு, எல்லாம் அந்தக் கூடையில் தங்கிவிடும். சுத்தமான தண்ணீர் மட்டும் உள்ளே போகும். எழுபத்தெட்டாம் வருஷம் ஆவணியில் ஒரு காலை, கழுவுவதற்காக அவன் கூடையைத் தூக்கியபோது மேல்பாதி மட்டும் கையோடு வந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு மேலாளர் கைலாசத்தின் அறைக்குப் போனான். கைலாசம் ஒரு முறை கூட்டுறவு வாரவிழாவில் மைக் பிடித்துப் பேசியவர். அதன் பிறகு அவரால் சாதாரணமாகப் பேச முடியாமல் போய்விட்டது.

“கூடை இத்துப்போச்சுங்க. புதுசு ஒண்ணு வேணுங்க.”

“கூடை எதற்கு என்பதை நாம் முதலில் சிந்திக்க வேண்டும்.”

“தண்ணி வடிகட்டறதுக்குங்க. குப்பை போனா பம்பு அடைச்சுக்கும். பம்பு நின்னா பாய்லர்ல தண்ணி கொறைஞ்சு போயிருமுங்க. கொறைஞ்சா…” என்று சொல்லி, சென்றாயன் இரண்டு கைகளையும் மெதுவாக மேலே தூக்கி விரித்துக் காட்டினான்.

பாய்லர் கொட்டகைக்கும் கைலாசத்தின் அறைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். அவர் நாற்காலியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

“கூடை வாங்க எனக்கு அதிகாரம் கிடையாது. கொதிகலன் ஊட்டுநீர்த் தூய்மை வாரியத்துக்குத்தான் தெரியப்படுத்த வேண்டும். அதுவரை ஆலை நிற்கவும் கூடாது, வெடிக்கவும் கூடாது.”

சென்றாயன் வீட்டுக்குப் போய் மனைவி கந்தம்மாளிடம் பழைய சேலை ஒன்று கேட்டான்.

“எதுக்குங்க?”

“பாய்லருக்குப் புள்ளே.”

“எனக்கே ரெண்டுதா இருக்குது. அதுக்கு வேற நான் சேலை எடுத்துக் குடுக்கோணுங்களா?” என்றாள். ஆனாலும் கிழிசலாகப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை நான்காக மடித்துக் குடுவையின் வாயில் கட்டினான். தண்ணீர் இளநீர் மாதிரி இறங்கியது. பாய்லர் முன்பைவிட அமைதியாக ஓடியது. மாதம் முழுக்க ஒரு குறையும் இல்லை. வாரியத்தை உடனே வரவழைத்தது அதுதான். புகார் வந்த இடத்தில் குறை இல்லை என்றால் அது சந்தேகத்துக்குரிய இடம் என்பது வாரியத்தின் கொள்கை.

ஜீப்பில் வந்து இறங்கியவர் மண்டல அதிகாரி அர்த்தநாரி. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கைலாசம் கேட்டதற்கு, “பணி நேரத்தில் நான் தண்ணீர் பக்கமே போவதில்லை, சார்புநிலை வந்துவிடும்” என்று சொல்லிவிட்டு சோடா வாங்கிவரச் சொன்னார். பிறகு தொழிலாளர்களை நிற்கவைத்துப் பேசினார்.

“ஊட்டுநீரில் அசுத்தம் மூன்று வகை. கரைந்த அசுத்தம், மிதக்கும் அசுத்தம், பணியாளர். மூன்றாவதை அகற்றுவதுதான் சுலபம். எங்கள் வாரியம் தொடங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. இதுவரை ஒரு சொட்டு அசுத்த நீரைக்கூட நாங்கள் எந்த பாய்லருக்குள்ளும் அனுமதித்ததில்லை. சுத்த நீரையும் அனுமதித்ததில்லை. இந்த நடுநிலைமைக்காக மெட்ராஸில் எங்களைப் பாராட்டியிருக்கிறார்கள்.”

கைலாசம் கைதட்டினார். அர்த்தநாரி குடுவையருகே போய்ச் சேலையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இது எந்தத் தரம்?”

“சின்னாளபட்டிங்க.”

“எந்தப் பகுதி?”

“முந்தானைங்க.”

“முந்தானைக்கு வாரியத்தின் அங்கீகாரம் இல்லை. இதன் வழியாகப் போன நீரெல்லாம் சட்டப்படி வடிகட்டப்படாத நீர். அது சுத்தமாக இருந்தது குற்றத்தை இன்னும் கடுமையாக்குகிறது.”

சேலையை அவிழ்த்து, மடித்து, அரக்கு முத்திரை வைத்து ஜீப்பில் ஏற்றினார்கள். பிறகு, உண்மையான அசுத்தம் எது என்று நேரில் காண வேண்டும் என்பதற்காக, எதுவும் கட்டாமல் தண்ணீரைத் திறந்துவிடச் சொன்னார் அர்த்தநாரி. சென்றாயன் வால்வைத் திருகினான். முதலில் பாசி வந்தது. அடுத்து ஒரு புளியங்கொட்டை. அப்புறம் தண்ணீர் தடுமாறி, விக்கி, சாண் நீளத்துக்கு ஒரு கெண்டை மீன் குடுவைக்குள் வந்து விழுந்து வாலை அடித்தது. பம்பு வாய்க்குள் போக இருந்ததைச் சென்றாயன் பாய்ந்து பிடித்தான்.

அர்த்தநாரி இரண்டடி பின்னால் போனார்.

“உயிரோடு இருக்கிறதா?”

“ஆமாங்க.”

“அப்படியானால் இது எங்கள் வரம்பில் வராது. உயிரற்ற அசுத்தம் வரைதான் வாரியம்.”

“செத்துப்போச்சுன்னா உங்களுதுங்களா?” என்று சென்றாயன் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

“செத்தால் எழுதித் தெரிவியுங்கள்.”

கெண்டைக்குச் சாகும் உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை. அசுத்தம் யாருடையது என்று தீர்மானமாகும் வரை பாய்லரை மூடி முத்திரை வைக்க உத்தரவாயிற்று. வாளித் தண்ணீரில் மீனும், வாளிக்குப் பக்கத்தில் சென்றாயனுமாக, ஆலை நின்றது.

மறுநாளே தறிக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் சின்னண்ணன் என்பவருக்கு நான்கு தறி. பெண்ணுக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்தார். தீபாவளிச் சரக்கை நம்பித்தான் பேசினார்.

“ஏப்பா சென்றாயா, பாவு எப்பக் கெடைக்கும்?”

“மீனு முடிவாகோணுங்க.”

“எந்த மீனு?”

சென்றாயன் வாளியைக் காட்டினான். சின்னண்ணன் குனிந்து பார்த்தார். கெண்டையும் அவரைப் பார்த்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

புரட்டாசியில் உள்நாட்டு மீன்வள ஊக்குவிப்புக் கழகத்திலிருந்து நல்லுசாமி என்ற ஆய்வாளர் பஸ்ஸில் வந்தார். கண் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாளிக்குள் நெடுநேரம் பார்த்தார். அவர் முகத்தில், பேரப்பிள்ளையை முதல் தடவை பார்க்கிறவரின் களை வந்தது.

“இதைப் பிடிக்க உரிமம் வாங்கினீங்களா?” என்றார்.

“நான் புடிக்கலீங்க. அதா வந்துச்சுங்க.”

“உரிமம் இல்லாதவனிடம் மீன் தானாக வராது. ஒன்று, நீங்கள் திருட்டு மீன் பிடித்தவராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மீனவராக இருக்க வேண்டும். பாய்லர்காரர் என்று எங்களிடம் ஒரு பிரிவு கிடையாது.”

நல்லுசாமி குரலைத் தாழ்த்திக் கைலாசத்திடம் சொன்னார்: “உள்ளதைச் சொல்கிறேன். எங்கள் கழகத்தில் ஆள் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, படகுக்கு டிரைவர் இருக்கிறார். மீன்தான் இல்லை. மேட்டூர் அணையில் இருக்கிற மீனெல்லாம் வேறு கணக்கில் போய்விடுகிறது. எங்களுக்கென்று ஒரு மீன் கிடைத்தால் போதும். நிறைய வேண்டாம். நிறைய இருந்தால் நாறும்.”

கைலாசம் எழுந்து நின்றார். வாரவிழாவுக்குப் பிறகு முதல் முறையாக அவர் கண் கலங்கியது. அன்று மாலைக்குள் ஆலை, நீராவிசார் மீன்பிடி முன்னோடி அலகு என்று பெயர் மாறியது. புதிய பெயர் இன்னும் நீளம். வேப்பமரத்தைத் தாண்டி ஒரு பனைமரத்திலும் ஆணி அடித்தார்கள். மீன்களின் மன அமைதி கெடும் என்பதால் பாய்லரைப் பற்றவைப்பது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டது.

“பாய்லர்காரனுக்குன்னு சொல்லித்தா என்னயக் கட்டிக் குடுத்தாங்க,” என்றாள் கந்தம்மாள், செய்தி கேட்டதும். “இப்ப மீன்காரியாக்கிப்போட்டீங்க. போகுது, அந்த மீனையாச்சும் கொண்டாங்க, கொழம்பு வெச்சர்றேன்.”

“அது அரசாங்க மீனு புள்ளே. அதுக்கு என்னயவிட மேல் கிரேடு.”

அது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. கெண்டைக்குப் பொரி வாங்க ஏற்பாடு ஆகியிருந்தது. சென்றாயன் தினமும் தண்ணீர் மாற்றினான். பூனை வராமல் பார்த்துக்கொண்டான். அதன் உடம்புக்கு ஏதாவது ஆனால் தன் வேலை போய்விடும் என்று பயந்து, பாய்லரிடம் சொல்லிக்கொண்டதுபோல இப்போது மீனிடம் சொல்லிக்கொண்டு பீடி பிடிக்கப் போனான். தீபாவளி போயிற்று. ஊரில் பாதித் தறிகள் துணி போர்த்திக் கிடந்தன. மிச்சம் இருந்தவர்கள் குமாரபாளையத்துக்கு நூலைச் சுமந்துகொண்டு போய்க் காத்துக் கிடந்தார்கள். ஆலையில் மட்டும் சாதனை விழா நடத்த நாள் குறித்தார்கள்.

தை மாதம் விழா. மெட்ராஸிலிருந்து ஆணையாளர் வருகிறார். பாய்லர்க் குடுவையைத் திறந்து மீன் எடுத்துத் தொடங்கிவைப்பார் என்று அழைப்பிதழும் அடித்தாயிற்று. அந்த வாரம் பார்த்துக் கெண்டை இறந்தது. வயதாகி இயற்கையாகத்தான் போனது. விதிப்படி அர்த்தநாரிக்குத் தெரிவித்தார்கள். அவர் இரங்கல் தெரிவித்துவிட்டு, உடலை ஏற்க மறுத்துவிட்டார். அதற்குள் கால்வாயையும் அடைத்துவிட்டார்கள். வேறு மீன் வர வழியில்லை.

கைலாசம் சென்றாயனை ஈரோட்டு மார்க்கெட்டுக்குத் துரத்தினார். அங்கே அன்றைக்கு இருந்தது, கேரளத்திலிருந்து ஐஸ் போட்டு வந்த மத்தி மட்டும்தான். மீன் என்றால் மீன்தானே என்று சென்றாயன் ஒரு பை வாங்கிவந்தான். கைலாசம் அதைக் குடுவைக்குள் கொட்டி மூடினார்.

மேளம் முழங்க ஆணையாளர் குடுவையைத் திறந்தார். கையை விட்டவர் வெடுக்கென்று எடுத்தார்.

“ஏன் இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது?”

“பாய்லரை நிறுத்தி வைத்திருக்கிறோம் ஐயா,” என்றார் கைலாசம்.

ஆணையாளர் திருப்தியோடு தலையாட்டினார். ஒரு மீனை எடுத்துத் தூக்கிப் பார்த்தார். அவர் நாகப்பட்டினத்தில் வேலை பார்த்தவர்.

“இது மத்தி. கடல் மீனல்லவா?”

மேளம் நின்றது. நல்லுசாமி தன் செருப்பைப் பார்த்தார். சென்றாயனுக்கு நெஞ்சுக்குள் எங்கோ ஒரு நிம்மதி எழுந்தது. இத்தோடு எல்லாம் முடியும், தப்பைச் சொல்லிவிடலாம், ஜெயிலுக்குப் போனாலும் அங்கே மீன் வளர்க்கச் சொல்ல மாட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு முன்னே வந்தான்.

“அது வந்துங்க அய்யா, மத்தி ஈரோட்டுல…”

ஆணையாளர் கையை உயர்த்தினார். “ஈரோடு வரை வந்துவிட்டதா?”

“ஆமாங்க. மார்க்கெட்டுக்கே வந்துருச்சுங்க.”

ஆணையாளர் மைக்கை வாங்கினார். “பெரியோர்களே, கடல் மீன் ஈரோடு வரை வருகிறது என்று ஒரு எளிய மீனவர் சொல்கிறார். அப்படியானால் கடல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? நமக்குத் தெரியாது. ஏன் தெரியாது? நாம் யாரும் போய்ப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் நாங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே வராததால் இந்த மாவட்டம் ஒரு கடற்கரையை இழந்து நிற்கிறது. இனியும் அந்தத் தவறு நடக்காது. கடலை இங்கிருந்தே நிர்வகிப்போம்.”

ஒரு பையனின் பட்டம் அறுந்து மேடைமேல் விழுந்ததைத் தவிர, விழா சிறப்பாக முடிந்தது.

மாசி பிறப்பதற்குள் ஆலை, துறைமுகச் சாத்தியக்கூறு மையம் ஆயிற்று. வறண்ட கால்வாயின் ஓரத்தில் ‘ஆழமான பகுதி’ என்று பலகை நட்டார்கள். ஆடுகள் அதன் நிழலில் படுத்துக்கொண்டன. பாய்லரின் புகைபோக்கிதான் அக்கம்பக்கத்தில் உயரமானது என்பதால் அது கலங்கரை விளக்கம் ஆனது. சென்றாயனுக்கு விளக்குக் காவலர் பதவி. பொழுது சாய்ந்ததும் பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கயிற்றில் கட்டிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறுவான். உயரம் என்றால் அவனுக்குத் தலைசுற்றும். கண்ணை மூடிக்கொண்டு ஏறி, கண்ணை மூடிக்கொண்டே மாட்டிவிட்டு இறங்குவான். சங்ககிரி ரோட்டில் போகும் லாரிக்காரர்கள் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, புரோட்டாக் கடை என்று நினைத்து உள்ளே வந்து ஏமாந்து போவார்கள்.

வாரத்துக்கொரு தரம் கைலாசம் கேட்பார்: “கப்பல் ஏதாவது வந்ததா?”

“இல்லீங்க.”

“எதிர்பார்த்துக்கொண்டிருங்கள்.”

பங்குனியில் ஒரு காலை சின்னண்ணன் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். சைக்கிளில் பாவு நூல் மூட்டை.

“வைகாசியில கல்யாணம் வெச்சுட்டேன் சென்றாயா. தறியெல்லாம் சும்மா நிக்குது. ரெண்டு தறியை வெலைக்குக் கேட்டு ஆளு வந்துட்டுப் போறான். ஒரு நாளைக்கு நீராவி உட்டயின்னா ஊரே பொழச்சுக்கும்.”

சென்றாயன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் வாய் தானாகப் பேசியது: “தங்களோட கோரிக்கை கப்பல் சம்பந்தப்பட்டதுங்களா?”

சொல்லி முடித்த பிறகுதான் அவன் காதில் விழுந்தது. சின்னண்ணன் கோபப்படவில்லை. அடையாளம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தார். பிறகு சைக்கிளைத் திருப்பினார்.

சென்றாயனுக்கு உடம்பு கூசியது. எதைக் கேட்டாலும் திருதிருவென்று விழிக்கிறவனாக இருந்ததில்கூட அவனுக்கு வெட்கம் இருந்ததில்லை. இப்போது இருந்தது. ஓடிப்போய் சைக்கிளின் பின்னால் பிடித்தான்.

“அண்ணா, உங்க தோட்டத்துக் கெணத்துல தண்ணி இருக்குதுங்களா?”

“தண்ணிக்கென்ன, இருக்குது.”

“டிராக்டர்ல டிரம்மு வெச்சுக் கொண்டாங்க. வாரவுங்கள வேட்டி எடுத்துட்டு வரச் சொல்லுங்க. நல்ல வேட்டியா இருக்கோணும்.”

மத்தியானத்துக்குள் ஊர் கூடிவிட்டது. குடுவையின் வாயில் தறிக்காரர்கள் வேட்டியை இழுத்துப் பிடித்தார்கள். கந்தம்மாளும் மற்றப் பெண்களும் குடம் குடமாக அதில் ஊற்றினார்கள். தூசு, தும்பு, ஒரு தவளைக் குட்டி, எல்லாம் துணியில் நின்றன. தவளையைக் கந்தம்மாள் யாருக்கும் தெரிவிக்காமல் வரப்பில் விட்டாள். சென்றாயன் முத்திரையை உடைத்தான், பெட்ரோமாக்ஸைக் கழற்றி இறக்கினான், விறகைப் போட்டான். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறி நின்றது. பொழுது சாய்வதற்குள் உருளைகள் சுட்டன. அவன் சங்கை இழுத்துப் பிடித்து ஊதினான். மாதக்கணக்கில் ஊதாத சங்கு, பள்ளிபாளையம் தாண்டி ஈரோடு வரை கேட்டது.

அன்று ஆணையாளர் துறைமுகத்தைப் பார்வையிட ஈரோடு வந்து தங்கியிருந்தார். அர்த்தநாரியும் நல்லுசாமியும் உடன் இருந்தார்கள். சத்தம் கேட்டு இரண்டு ஜீப்புகள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றன. காலையிலேயே ஆணையாளரை வரவேற்கப் போயிருந்த கைலாசம் வேட்டி நழுவ இறங்கி ஓடி வந்தார்.

“முத்திரை உடைக்கப்பட்டிருக்கிறது,” என்றார் அர்த்தநாரி. “நீர் வேட்டியால் வடிகட்டப்பட்டிருக்கிறது. கரை போட்ட வேட்டி.”

சென்றாயன் பாய்லரின் முன்னால் நகராமல் நின்றான். பயமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே பாவு ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் அரை மணி நேரம் தாக்குப்பிடித்தால் சின்னண்ணனுடைய நூல் காய்ந்துவிடும்.

ஆணையாளர் எதுவும் கேட்கவில்லை. புகைபோக்கியிலிருந்து எழுந்த கரும்புகையை அண்ணாந்து பார்த்தார். நீராவி சீறுவதைக் கேட்டார். கால்வாய்க் கரையையும் ‘ஆழமான பகுதி’ பலகையையும் பார்த்தார்.

“சங்கு ஊதியது. புகை வருகிறது. நீராவியால் இயங்குகிறது. கரையோரம் நிற்கிறது. மிஸ்டர் கைலாசம், இது என்ன?”

கைலாசம் ஒரு கணம்தான் யோசித்தார். “கப்பல் ஐயா.”

“ஆனால் கால்வாயில் தண்ணீர் இல்லையே?”

“அதனால்தான் நின்றுவிட்டது ஐயா.”

அர்த்தநாரி வாயைத் திறந்தார். கப்பலின் பாய்லர் தம் வாரியத்துக்கு உட்பட்டதல்ல என்பது நினைவுக்கு வந்ததும், நிம்மதியாக மூடிக்கொண்டார். ஆணையாளர் சென்றாயன் பக்கம் திரும்பி, ஒரு மாலுமியிடம் பேசும் மரியாதையோடு கேட்டார்: “எங்கிருந்து வருகிறது?”

சென்றாயன் கண்ணாடிக் குழாயைத் திரும்பிப் பார்த்தான். குடத்தை இடுப்பில் வைத்திருந்த கந்தம்மாள்தான் பதில் சொன்னாள்.

“ஜலகண்டாபுரத்துலிருந்துங்க.”

ஆணையாளருக்கு அந்தப் பெயரில் இருந்த ஜலம் மிகவும் பிடித்துப்போயிற்று.

“சரக்கு?”

“பாவு நூலுங்க,” என்றான் சென்றாயன்.

“எப்போது புறப்படும்?”

“சரக்கு எறக்கி முடியோணுங்க. அப்புறம் தண்ணி வரோணுங்க. நாளாகுமுங்க.”

“அவசரமே இல்லை,” என்றார் ஆணையாளர். “புறப்படும்வரை நீராவியை அணைக்கக் கூடாது. இது உத்தரவு.”

ஜீப்புகள் போன பிறகு சின்னண்ணன் கஞ்சி காய்ந்த தன் பாவைத் தடவிப் பார்த்தார். விறைப்பாக, வழவழவென்று இருந்தது. டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார். வைகாசியில் கல்யாணம் நான்கு தறியோடு நடந்தது. கப்பல் இன்னும் புறப்படவில்லை. அந்த வட்டாரத்தில் அதன் பிறகு யாரும் சைசிங்குக்குப் போகிறேன் என்று சொல்வதில்லை. நூல் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, வீட்டுக்குள் தலையை நீட்டி, “துறைமுகம் வரைக்கும் போயிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.